மேகத்தின் மேல் நடந்த அக்கா

எங்கள் ஊர்ப் பள்ளிக்கு ஜப்பானிலிருந்து பத்து மாணவர்கள் வந்திருந்தார்கள். காலேஜ் முடித்துவிட்டுச் சும்மா இருந்த நான்தான் எல்லோருக்கும் சோஷியல் மீடியா கிளாஸ் எடுத்தேன். "கேக்காம யாரு போட்டோவையும் போடாதீங்க" என்று செம கெத்தாகச் சொன்னேன்.

மறுநாள் விடிந்ததும் மரக்காணம் உப்பளத்துக்குக் கூட்டிப்போனேன். பாத்தித் தண்ணீர் முழுக்க வானம் படுத்திருந்தது. உப்புக் கூடையோடு ஓர் அக்கா மேகத்தின் மேல் மிதந்து வருவதுபோல இருந்தது. சொக்கிப்போய் ரீல் எடுத்து அங்கேயே போட்டுவிட்டேன். பக்கத்தில் ஒரு ஜப்பான் மாணவி அவரிடம் போனைக் காட்டிச் சைகையில் கேட்டாள். அக்கா வேண்டாமென்று தலையாட்ட, அவள் போனைப் பைக்குள் வைத்துவிட்டாள். அதையும் பார்த்தேன். எனக்கு உறைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அந்த அக்கா பள்ளி வாசலில் நின்றார்.

"துபாய்ல எம்புள்ள பாத்துட்டான்பா. 'கால் புண்ணோட உப்பளத்துக்குப் போவமாட்டேன்னு சத்தியம் பண்ணியேம்மா'ன்னு அழுதான். இப்ப போனே எடுக்க மாட்டேங்கிறான்."

"சாரிக்கா, டெலீட் பண்ணிடறேன்."

"அவன் பாத்தத டெலீட் பண்ணுவியா? பாஷ தெரியாத பொண்ணு கேட்டுச்சு. உனக்கு இன்னாடா?"

அவரிடமே நம்பர் வாங்கினேன். அவர் மகனிடம் வாய்ஸ் மெசேஜில் மன்னிப்புக் கேட்டேன். நாலு நாள் கழித்து அம்மாவிடம் பேசினாராம்.

எனக்குக் கனவாகத் தெரிந்த அந்த நடை, புண்ணான கால் நடந்த நடை.

இதை எழுதலாமா என்று அவரிடமே போய்க் கேட்டேன். "எழுதிக்க. பேரு மட்டும் போடாத" என்றார்.

போடவில்லை.