அக்கி பாடத்தில் இல்லை

இருபத்து நான்கு வருஷமாக பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் நடத்துகிறவன் நான். பெயர் அருள்மணி, ஊர் ஆலங்குடிப் பக்கம். பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் ‘வைரஸ் வாத்தியார்’. நான் அந்தப் பாடத்தை நடத்துகிற சத்தத்தில் பக்கத்து வகுப்பில் கணக்குப் போட முடியவில்லை என்று கணக்கு வாத்தியார் தலைமையாசிரியரிடம் புகார் செய்திருக்கிறார். அப்படிப்பட்ட பெரிய கொம்பன், ஒரு வைரஸை நெற்றியிலேயே ஏற்றிக்கொண்டு, அது இன்னதென்று தெரியாமல் வலது கண்ணைத் தொலைக்கப் பார்த்தேன். கண்ணைக் காப்பாற்றிக்கொள்ள இருந்த அவகாசம் மூன்று நாள். அதில் இரண்டரை நாளை என் அறிவைக் கொண்டே வீணாக்கினேன்.

சனிக்கிழமை வலது பக்கத் தலை எரிந்தது. சீப்பு பட்டாலே மிளகாய்ப்பொடி தூவியது போல இருந்தது. சூடு என்று முடிவு செய்து இளநீர் குடித்தேன், எங்கள் ஊரில் அதற்கா பஞ்சம்! திங்கட்கிழமை காலையில் பார்த்தால் வலது புருவத்துக்கு மேலே சிவந்து, சின்னச் சின்னக் கொப்புளங்கள் கொத்தாக வந்திருந்தன. பூச்சிக்கடி என்றேன். முந்திரிக்காட்டில் எந்தப் பூச்சி இந்த மாதிரி கடிக்கும் என்று லத்தீன் பெயரோடு என் மனைவி அழகிக்கு விளக்கமும் சொன்னேன்.

“பூச்சியுமில்ல கீச்சியுமில்ல. அக்கிங்க இது,” என்றாள் அழகி. “பாருங்க, ஒரு பக்கமாத்தான் வந்திருக்கு. நடு நெத்தியத் தாண்டல. வேளார் வீட்டுல காட்டி எழுதிட்டு வந்துருவோம்.”

எங்கள் பக்கத்தில் அக்கிக்கு ஆஸ்பத்திரி போகிற வழக்கம் குறைவு, எழுதுவார்கள். மண்பாண்டம் செய்கிற வேளார் வீடுகளில் காவிக்கல்லை உரைத்து, கோழி இறகால் தொட்டு, கொப்புளத்தைச் சுற்றிக் கோடு இழுத்து, சிங்கம் மாதிரி ஒன்றையும் வரைந்து அனுப்புவார்கள். மூடநம்பிக்கை ஒழிப்பு என்று ஊர் ஊராக மைக் பிடித்த வாய் இது. சும்மா இருக்குமா?

“அக்கின்னு ஒரு வியாதியே கெடையாது அழகி. எந்தப் புஸ்தகத்துலயும் இல்ல.”

“அப்ப ஒங்க நெத்தியில இருக்கிறது என்னவாம், புஸ்தகமா?”

என் புத்திசாலித்தனத்தின் உச்சம் எதுவென்றால், வேரிசெல்லா சோஸ்டர் என்கிற வைரஸை எனக்கு நன்றாகத் தெரியும். சின்ன வயதில் அம்மையாக வந்து, நரம்புக்குள் போய்ப் பதுங்கிக்கொண்டு, வயதான காலத்தில் தோலில் பட்டையாகக் கொப்புளம் கிளப்புகிற வைரஸ். வருஷம் தவறாமல் கரும்பலகையில் அதற்குப் படம் போடுகிறேன். அக்கி என்ற சொல்லும் எனக்குப் பேச்சு வந்த நாளிலிருந்து தெரியும். இரண்டும் ஒன்றுதான் என்பது மட்டும் தெரியாது. ஒன்று பள்ளிக்கூடத்தில் இருந்தது, இன்னொன்று வீட்டில் இருந்தது. தினமும் இரண்டுக்கும் நடுவே பைக்கில் போய்வந்துகொண்டிருந்த மடையன் நான்தான்.

செவ்வாய்க்கிழமை இமை வீங்கிவிட்டது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போய், மெட்ராஸ் ஐ என்று சொன்னேன். உடன் வேலை பார்க்கிறவர்கள் எல்லாம் பத்தடி தள்ளி நின்று அக்கறையாக விசாரித்தார்கள். புதன்கிழமை காலை கண்ணுக்குள் மணல் அள்ளிப் போட்டது போல உறுத்தியதும் என் பகுத்தறிவு மண்ணைக் கவ்வியது. நியாயமாகப் பார்த்தால் டாக்டரிடம் ஓடியிருக்க வேண்டும். நான் அக்கி எழுதக் கிளம்பினேன்.

அதையும் ஒழுங்காகச் செய்யவில்லை. எழுதிக்கொள்கிறேன் என்று அழகியிடம் சொன்னால் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாள். டி.இ.ஓ. ஆபீஸில் வேலை இருக்கிறது என்று பொய் சொன்னேன். பக்கத்து ஊர்களில் இருக்கிற வேளார் வீடுகளில் எல்லாம் என்னிடம் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள், அதனால் அங்கும் போக முடியாது. குன்றாண்டார்கோவில் பக்கம் ஒரு வீட்டில் எழுதுவதாக எப்போதோ கேள்விப்பட்டிருந்தேன். புதுக்கோட்டையில் பஸ் மாற வேண்டும். பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் ஒரு கண் ஆஸ்பத்திரியின் போர்டு இருந்தது. அதை நல்ல கண்ணால் முழுதாகப் படித்தேன். படித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன்.

அந்த வீட்டு வாசலில் பூந்தொட்டிகள் அடுக்கியிருந்தன. துண்டால் பாதி முகத்தை மூடிக்கொண்டு நின்றேன். முப்பது வயதிருக்கும், ஒரு பெண் வெளியே வந்தாள்.

“அக்கி எழுதணும்மா.”

“இங்கிட்டு வாங்க, வெளிச்சத்துல உக்காருங்க.” துண்டை எடுத்தேன். “ஐயய்யோ, அருள்மணி சார்! என்னைத் தெரியலையா? காவ்யா சார். ஒங்ககிட்ட பிளஸ் டூ படிச்சேன். இங்கதான் கட்டிக்குடுத்திருக்காங்க.”

ஐம்பது கிலோமீட்டர் ஓடி ஒளிந்து, நேராக என் வகுப்பறைக்குள்ளேயே வந்து விழுந்திருக்கிறேன். முகத்தில் அசடு வழிந்தது. அவள் சிரிக்கவில்லை. என் மோவாயை நிமிர்த்திப் பார்த்தாள். நெற்றியைப் பார்த்தாள், இமையைப் பார்த்தாள், கடைசியில் மூக்கு நுனியைக் கிட்டத்தில் வந்து பார்த்தாள்.

“மூக்குல இது எப்ப வந்துச்சு?”

“காலைல. அது சும்மா பரு.”

“எந்திரிங்க சார். நான் எழுத மாட்டேன்.”

கோபித்துக்கொண்டாளோ என்று திருதிருவென விழித்தேன்.

“எங்கப்பா ஒருத்தருக்கு மொகத்துல எழுதுனாரு. அவருக்குக் கண்ணு போயிருச்சு. கண் டாக்டர் எங்கப்பாவக் கூப்புட்டு வச்சு வெவரமாச் சொன்னாங்க. மூக்கு நுனியில கொப்புளம் வந்தா கண்ணுக்குள்ளயும் எறங்கும், மூணு நாளைக்குள்ள மாத்திரை ஆரம்பிக்கணும்னு. அதுலேர்ந்து முதுகு, இடுப்புன்னாக்கூட டாக்டரப் பாத்துட்டு வந்தாத்தான் எழுதுறது. மொகம்னா காவியத் தொடவே மாட்டோம். மொதக் கொப்புளம் எப்ப சார் வந்துச்சு?”

“திங்கக்கெழம காலைல.”

விரல் விட்டு எண்ணினாள். “நாளைக்குக் காலையோட முடியுது. பஸ்ஸுக்கு நின்னா ஆஸ்பத்திரி மூடிருவாங்க. இருங்க, வண்டி எடுத்துட்டு வாரேன்.”

ஸ்கூட்டரின் பின்னால் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். ஊரைத் தாண்டியதும் அவள் ஆரம்பித்தாள்.

“சார், அக்கி என்ன வைரஸ்னு ஒருநாள் கிளாஸ்ல கேட்டேன். ஞாபகம் இருக்கா?”

சத்தியமாக இல்லை.

“‘அக்கி பாடத்துல இல்ல, வீட்டுத் தொழிலக் கிளாஸுக்குக் கொண்டு வராத, உக்காரு’ன்னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. அதுக்கப்புறம் நான் எந்தக் கிளாஸ்லயும் கேள்வி கேக்கல. நர்சிங் சேரணும்னு இருந்தேன், விலங்கியல்ல மார்க் போயிருச்சு.”

சாதாரணமாகத்தான் சொன்னாள், எதிரே வந்த லாரிக்கு வழிவிட்டபடியே. நான் அவமானத்தில் குறுகிப்போனேன். எனக்கு ஞாபகமே இல்லாத ஒன்றை அவள் பன்னிரண்டு பதின்மூன்று வருஷம் சுமந்திருக்கிறாள்.

“சிலபஸ்ல இல்லம்மா அது,” என்று முனகினேன். அப்போதும் பார், சிலபஸ்!

“சரி, இப்பச் சொல்லுங்க. புதுக்கோட்டைக்கு இன்னும் தூரம் கெடக்கு.”

மூக்கு நுனி, கண், மாத்திரை என்று அவள் விவரம் சொன்னபோதே, அக்கிதான் என் வேரிசெல்லா சோஸ்டர் என்று எனக்கு உறைத்துவிட்டது. காற்றுக்கு மேலே கத்தி, அவள் ஹெல்மெட்டின் பின்பக்கத்துக்குப் பாடம் நடத்தினேன். “செல்லோட மேல்தோல்ல பூட்டு மாதிரி சில புரதம் இருக்கும்மா. வைரஸ் மேல அதுக்குப் பொருந்துற சாவி இருக்கும். தொறந்து உள்ள போயி, தன்னோட டி.என்.ஏ. எழுத்த உட்கருவுல கொண்டுபோயி வச்சிரும். செல்லு பாவம், எவன் எழுத்துன்னு பாக்காது. வாசிச்சு, சொன்னத அப்படியே செஞ்சு குடுக்கும். தன் வேலைய விட்டுட்டு வைரஸையே ஆயிரக்கணக்குல செஞ்சு தள்ளிட்டு, கடைசியில செத்தே போயிரும். அந்த செல்லுக்குப் புஸ்தகத்துல விருந்தோம்பின்னு பேரு.”

“நல்லா வச்சாங்க பேரு,” என்றாள். “அம்மை போட்டா மூணு தண்ணி ஊத்தி அனுப்பி வைக்கிறோமே சார், அப்பவும் போகலையா?”

“போகல. நரம்பு வழியா மேல ஏறிப் போயி நரம்பு செல்லுக்குள்ள படுத்துக்கும். அந்த செல்ல ஒண்ணும் செய்யாது. எழுத்த மூடி வச்சுட்டு சும்மா கெடக்கும். ஒடம்புல காவலுக்குன்னு இருக்கிற செல்லுங்க அத எந்திரிக்க விடாது. வயசாகிக் காவல் அசந்துச்சுன்னா எந்திரிச்சு, வந்த நரம்பு வழியாவே தோலுக்கு எறங்கும். அதான் ஒரு பக்கம் மட்டும் பட்டையா வருது.”

எனக்கு எட்டு வயதில் அம்மை போட்டது. வேப்பிலைத் தண்ணீர் ஊற்றி மரியாதையாக வழியனுப்பியும் வைத்தார்கள். நாற்பத்து நான்கு வருஷமாக அது என் தலைக்குள்ளேயே படுத்துக்கொண்டு, தன்னைப் பற்றி நான் நடத்துகிற பாடத்தைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

“மூக்கு நுனிக்கும் கண்ணுக்கும் என்ன சார் சம்பந்தம்?”

“ரெண்டுக்கும் ஒரே நரம்போட கிளை போகுது. அது மூக்கு நுனிக்கு வந்திருக்குன்னா…” முடிக்காமல் என் மூக்கு நுனியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அவளும் வற்புறுத்தவில்லை. கொஞ்ச தூரம் போனதும் மறுபடி கேட்டாள்.

“மாத்திரை அதக் கொன்னுருமா?”

“கொல்லாது. வைரஸ் தன்னோட எழுத்தப் பிரதி எடுக்கிறப்ப, நடுவுல ஒரு பொய் எழுத்தாப் போயி ஒக்காந்துக்கும். பிரதி பாதியில நின்னுரும். ஆனா ஏற்கெனவே எடுத்து முடிச்ச பிரதிய ஒண்ணும் பண்ண முடியாது. அதனாலதான் சீக்கிரமா…”

சனியன், என் வாயாலேயே சொல்கிறேன். சனிக்கிழமையிலிருந்து எத்தனை லட்சம் பிரதி ஓடியிருக்கும்! இளநீர் குடித்தபோது ஓடியது, லத்தீன் பெயர் சொன்னபோது ஓடியது, ஆஸ்பத்திரி போர்டைப் படித்துவிட்டு பஸ் ஏறியபோது ஓடியது. இந்தக் கண் போய்விட்டால் என்ன செய்வேன் என்று அழுகை வந்துவிட்டது. கொப்புளத்தில் உப்புத் தண்ணீர் பட்டு இன்னும் எரிந்தது. காவ்யா கண்ணாடியில் பார்த்திருக்க வேண்டும், வண்டியை இன்னும் விரட்டினாள்.

நல்லவேளை, ஆஸ்பத்திரி திறந்திருந்தது. டாக்டர் சின்ன வயதுப் பெண். விவரம் எழுதிக்கொண்டே கேட்டார்.

“என்ன வேலை பாக்குறீங்க?”

“டீச்சர்.”

“என்ன சப்ஜெக்ட்?”

“தமிழ்,” என்றேன்.

“விலங்கியல் மேடம்,” என்றாள் பின்னால் நின்ற காவ்யா. “வைரஸெல்லாம் எங்களுக்கு இவருதான் எடுத்தாரு.” டாக்டர் பேனாவை நிறுத்தி என்னை ஒருமுறை பார்த்துவிட்டு எழுதினார்.

அடுத்தது எழுத்துப் பலகை. மேலே பெரிய எழுத்து, போகப் போகச் சின்னது. இடது கண்ணால் ஆறு வரியையும் படித்தேன். இடது கண்ணை மூடியதும் பலகை முழுக்கப் பால் ஊற்றியது போல ஆகிவிட்டது. அந்தப் பயத்தில், அல்பத்தனமாக ஒன்று செய்தேன். சற்றுமுன் படித்தது மனதில் இருந்தது, ஆறு வரியையும் தடங்கல் இல்லாமல் ஒப்பித்தேன்.

“மேடம், நம்பாதீங்க. மனப்பாடம் பண்ணிச் சொல்றாரு,” என்றாள் காவ்யா.

டாக்டர் வேறு பலகையை மாட்டினார். முதல் எழுத்து ‘ப’ என்றேன். ‘ம’ என்று மாற்றினேன்.

“சார், ஊகிக்காதீங்க. தெரிஞ்சாச் சொல்லுங்க. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க. இதுல என்ன வெக்கம்?” என்றார் டாக்டர்.

அந்த ஒரு வார்த்தை என் வாயில் வரவே மாட்டேன் என்றது. அவராகவே எழுதிக்கொண்டு, கருவிழியில் இறங்கிவிட்டது என்றார். ஒரு நாளைக்கு ஐந்து வேளை மாத்திரை, கண்ணுக்குள் போட மருந்து. முதல் மாத்திரையை அங்கேயே விழுங்கச் சொன்னார். பார்வை எவ்வளவு மிஞ்சும் என்பது பத்து நாள் கழித்துத்தான் தெரியும் என்றார்.

அழகிக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னேன்.

“ஏங்க, டி.இ.ஓ. ஆபீஸ்ல இப்பக் கண்ணு வைத்தியமும் பாக்குறாங்களா?” என்றவள், அடுத்த நொடி அழுதுவிட்டாள். “நான் சொல்றதத்தான் கேக்கமாட்டீங்க, நீங்க சொல்றதையாவது நீங்க கேக்கக் கூடாதா?”

பத்து நாளும் வீட்டுக்குள் கிடந்தேன். தினமும் காலையில் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு சுவர் காலண்டரைப் பார்ப்பேன். ஒருநாள் தேதி தெரிவது போல இருக்கும், அது கண்ணுக்குத் தெரிந்ததா நினைவில் இருந்ததா என்று எனக்கே சந்தேகம் வரும். என்னை நானே நம்ப முடியாத நிலைமைக்கு வந்திருந்தேன்.

பத்தாம் நாள் அழகியோடு போனேன். புதுக்கோட்டை நர்சரிக்குத் தொட்டி போட வந்த காவ்யாவும், சாரோட கண்ணு என்ன ஆச்சு என்று பார்க்க வந்துவிட்டாள். புதுப் பலகை. இடது கண்ணை மூடினார்கள். முதல் எழுத்து பளிச்சென்று இருந்தது. இரண்டாம் வரி, மூன்றாம் வரி படித்தேன். நான்காவதில் தடுமாறினாலும் படித்துவிட்டேன். ஐந்தாவதை ஒவ்வொரு எழுத்தாகக் கண்ணை இடுக்கிப் படித்தேன். அழகி என் தோளைப் பிடித்திருந்த பிடியில் ரத்தமே கட்டியிருக்கும்.

“ஆறாவது வரி?” என்றார் டாக்டர்.

எறும்பு ஊர்வது போல இருந்தது. ‘த’வாக இருக்கலாம், ‘க’வாகவும் இருக்கலாம். பழக்க தோஷத்தில் வாய் திறந்துவிட்டது, ஏதாவது ஒன்றை அடித்துவிடலாம் என்றுதான் திறந்தது. மூன்று பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“தெரியல,” என்றேன்.

“போதும். சின்னத் தழும்பு ஒண்ணு நின்னுரும். மத்தபடி கண்ணு தப்பிச்சிருச்சு,” என்றார் டாக்டர். அழகி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

சுவரோரம் நின்றிருந்த காவ்யா என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்.

“இந்த ஒரு வார்த்தைதான் சார். அன்னைக்குக் கிளாஸ்லயே சொல்லியிருந்தீங்கன்னா, நான் இன்னொரு கேள்வி கேட்டிருப்பேன்.”