அண்ணன் ஏற்றிய ஃபின்லாந்து விளக்கு

தலைத் திவசத்துக்கு வந்திருந்து, சாப்பிட்டுக் கைகழுவி, இந்த நினைவு மலரை வாங்கிக்கொண்டிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அண்ணனின் தம்பி எழுதிக்கொள்வது. அண்ணி என்னைவிட நன்றாக எழுதுவார். பள்ளியில் பாடம் சொல்லித் தருகிறவர். கேட்டேன். "நீங்களே எழுதுங்க தம்பி, நான் உக்காந்தா எழுத்து வராது, அழுகைதான் வரும்" என்று சொல்லிவிட்டார்.

என்னைப் பற்றி ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நான் ஷார்ஜாவில் வாகனக் காப்பீட்டு சர்வேயர். வண்டியை இடித்துவிட்டு வந்து மக்கள் சொல்லும் கதைகளை நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். இந்தக் கட்டுரையிலும் அந்தப் புத்தி அங்கங்கே தலைகாட்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் பிறந்தது திருச்சி பொன்மலையில், ரயில்வே குடியிருப்பில். அப்பா காலமானபோது அண்ணனுக்கு மீசை சரியாக முளைக்கவில்லை. டிப்ளமோ முடித்து, மேலே படிக்க இடம் கிடைத்தும் போகவில்லை. குவைத்துக்குப் போனார். ஃபர்வானியாவில் ஒரே ரூமில் பலபேர் அடுக்குக் கட்டிலில் படுத்த காலம் அது. அண்ணனின் சமையல் முறை வரும் நாளில் மலையாளிகளும் ஆந்திராக்காரர்களும் ரசத்துக்காகக் காத்திருப்பார்களாம். என்னைப் படிக்கவைத்ததும், அக்காவைக் கட்டிக்கொடுத்ததும், அம்மாவின் கடைசி நாட்களில் லீவு கிடைக்காமல் வேலையையே விட்டுவிட்டு ஓடிவந்ததும் அண்ணன்தான். அம்மா போனபிறகு அபுதாபியில், ருவைஸ் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில், கருவிகளைப் பராமரிக்கும் வேலை கிடைத்தது. கல்யாணமும் ஆகி, கம்பெனி வீட்டில் குடியேறினார். அங்கேதான் மகள் பிறந்தாள். அங்கிருந்துதான் அண்ணன் திரும்பி வராமல் போனார்.

அண்ணனிடம் ஒரே ஒரு குறை. யாரையும் நம்புவார். அவர் பங்குக்கும் சேர்த்து நான்தான் சந்தேகப்பட வேண்டியிருந்தது.

மகள் கைக்குழந்தையாக இருந்த சமயம். அந்த ஆண்டு திருக்கார்த்திகை டிசம்பர் ஆறாம் தேதி வந்தது. ருவைஸில் ஆலைக்குள் ஒரு தீப்பொறி பறக்கவேண்டுமானால்கூட பெர்மிட் வேண்டும். குடியிருப்பிலும் வாசலில் நெருப்பு வைக்கக்கூடாது என்று அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். அண்ணி வாசலில் வரிசையாக வைக்க ஆசைப்பட்டு, கடைசியில் கூடத்து ஜன்னல் விளிம்பில் இரண்டே இரண்டு அகல் ஏற்றியிருந்தார். குளிர்காலம் ஆகையால் ஜன்னல் கொஞ்சம் திறந்திருந்தது. விளக்கு ஏற்றிச் சிறிது நேரத்தில் கதவைத் தட்டும் சத்தம். அண்ணன் கதவு ஓட்டை வழியாகப் பார்த்தார். வெளியே கோட்டு சூட்டுப் போட்ட நெட்டை வெள்ளைக்காரர், பக்கத்தில் அதேபோல் உடுத்திய ஆப்பிரிக்கர்.

"சேஃப்டிக்காரன் வந்துட்டான், விளக்கை அமத்து" என்றாராம் அண்ணன்.

"கார்த்திகை விளக்கை அமத்தறதா? வாயைக் கழுவுங்க முதல்ல" என்றாராம் அண்ணி.

அண்ணன் ஒரு சாப்பாட்டுத் தட்டை எடுத்து விளக்குகளுக்கு முன்னால் நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்தார். வந்த வெள்ளைக்காரர் திட்டவில்லை. தட்டுக்குப் பின்னால் தெரிந்த வெளிச்சத்தைக் காட்டி, நெஞ்சில் கை வைத்து, கண் கலங்க ஏதோ சொன்னார். அவர் ஃபின்லாந்துக்காரர். பெயர் பெக்கா. அன்று அவர்கள் நாட்டுச் சுதந்திர தினம். அந்தச் சாயங்காலம் அங்கே எல்லா வீட்டு ஜன்னலிலும் இரண்டு மெழுகுவர்த்தி எரியுமாம். எங்களுக்காகவா ஏற்றியிருக்கிறீர்கள் என்று கேட்டார்.

தீ வைத்த குற்றத்திலிருந்து தப்பிக்க ஒரு வழி திறந்ததும் அண்ணன் புகுந்துவிட்டார். "யெஸ் சார். ஃபார் யுவர் இண்டிபெண்டன்ஸ் ஒன்லி."

உள்ளே அழைத்து உட்காரவைத்து, கார்த்திகைக்குச் செய்த பொரி உருண்டையையும் கொடுத்து உபசரித்தார். அவர்கள் போனபிறகு எனக்கு போன் செய்து விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அவனுங்க எதுக்கு வந்தானுங்க? என்ன விக்கறானுங்க?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் விக்கலடா. பாவம், ஊரை விட்டு வந்தவங்க" என்றார்.

அடுத்த ஆண்டு கார்த்திகை வேறு தேதியில் வந்தது. ஆனால் டிசம்பர் ஆறு ஆறாகத்தானே வரும்? ஒருமுறை சொன்ன பொய்யை அண்ணன் காப்பாற்ற வேண்டியதாயிற்று. கடையில் இரண்டு மெழுகுவர்த்தி வாங்கிவந்து ஜன்னலில் வைத்தார். கூடவே அண்ணியிடம் ஓர் அகலும் நல்லெண்ணெயும் கேட்டு வாங்கி நடுவில் ஏற்றினார். ஆளுக்கு ஒன்று, சாமிக்கு ஒன்று என்று கணக்குப் போட்டுக்கொண்டார் போலும் என நினைத்தேன். அவர்கள் வந்தார்கள். அதற்கடுத்த ஆண்டும் வந்தார்கள். ஆகஸ்ட் பதினைந்துக்கு ஜிலேபி தின்ன வந்தார்கள். மார்ச் மாதம் ஆப்பிரிக்கரின் நாட்டுச் சுதந்திர தினம். அதற்கும் அண்ணன் வீட்டுக் கூடத்தில்தான் விருந்து. பெக்கா மீன் சுட்டார், அண்ணி மூக்கைப் பொத்திக்கொண்டு தயிர்சாதம் கலந்தார்.

என் சந்தேகம் அந்த ஆப்பிரிக்கர் மேல்தான் அதிகம் விழுந்தது. அவருக்கு நமீபியா. ஆலை ஆய்வுக்கூடத்தில் வேலை. பெயர் எய்னோ என்றார். அது ஃபின்லாந்துக்காரர்களின் பெயர் என்று பெக்காவே சொன்னார். ஆளுக்கும் பேருக்கும் சம்பந்தமில்லை என்றால் என் தொழிலில் அந்தக் கோப்பைத் தனியாக எடுத்து வைப்போம். நேரிலேயே கேட்டுவிட்டேன். எய்னோ கோபித்துக்கொள்ளவில்லை. அவர் ஊர்ப்பக்கம் நூறு வருடங்களுக்கு முன்பே ஃபின்லாந்துப் பாதிரிமார்களும் நர்சுகளும் வந்து ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாம் நடத்தினார்களாம். பிரசவம் பார்த்தவர், பாடம் சொல்லித் தந்தவர் பெயரையெல்லாம் பிள்ளைகளுக்கு வைத்துவிட்டார்களாம். "எங்க ஊரில் எய்னோ என்று கூப்பிட்டால் பாதித் தெரு திரும்பும்" என்றார்.

பாதிரிமார் என்றதும் எனக்கு வேறு சந்தேகம் வந்தது. "அண்ணி, இது மதம் மாத்தற வேலை. அண்ணன் கழுத்தைப் பாருங்க, ஏதாவது தொங்குதா?" என்று போனில் எச்சரித்தேன். "கம்பெனி ஐடி கார்டுதான் தொங்குது தம்பி" என்றார் அண்ணி. மகள் வளர்ந்தபின் அவளும் சேர்ந்துகொண்டாள். "சித்தப்பா, யூ ஆர் ஸோ சஸ்பிஷியஸ். தே ஆர் ஜஸ்ட் ஃப்ரெண்ட்ஸ்."

ஃபின்லாந்துக்காரர் ஓய்வுபெற்று ஊருக்குப் போனார். இத்தோடு கலாஸ், கதை முடிந்தது என்று நிம்மதியடைந்தேன். டிசம்பர் ஆறு வந்தது. எய்னோ அதே கோட்டோடு தனியாக வந்து கதவைத் தட்டினார். ஃபின்லாந்துக்குச் சுதந்திரம், கொண்டாடுவது ஒரு நமீபியாக்காரரும் ஒரு பொன்மலைக்காரரும்! இதில் உள்நோக்கம் இல்லை என்று யாராவது சொன்னால் நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

சென்ற ஆவணியில் அண்ணன் டியூட்டியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் பலனில்லை. நான் ஷார்ஜாவிலிருந்து போய்ச் சேர்ந்தபோது அண்ணிக்கும் மகளுக்கும் பக்கத்தில் எய்னோ நின்றுகொண்டிருந்தார். திருச்சிக்கு அனுப்ப ஏற்பாடுகள் நடந்த நாளெல்லாம் கூடவே இருந்தார். விமான நிலையத்தில், பெட்டி உள்ளே போன கதவைப் பார்த்தபடி, எல்லோரும் நகர்ந்த பிறகும் நின்றார். அப்போதும் அவர் முகத்தை நான் ஓரக்கண்ணால் அளந்துகொண்டுதான் இருந்தேன். ஓயாமாரி மயானத்தில் தகனம் முடித்து, அஸ்தியைக் காவிரியில் விட்டோம்.

அண்ணிக்கு ருவைஸில் பள்ளி வேலை. அந்தக் கல்வியாண்டு முடியும்வரை வீட்டில் இருந்துகொள்ள கம்பெனி அனுமதித்தது. கார்த்திகை வந்தது. துக்க வருடம், பண்டிகை கூடாது. சாமி விளக்கு தவிர வேறு விளக்கு ஏற்றவில்லை. டிசம்பர் ஆறு நெருங்கியபோது அண்ணி என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, அன்னிக்கு எய்னோ வருவாரு. ஜன்னல்ல ஒண்ணும் இருக்காது. இத்தனை வருஷமா உங்கண்ணன் சொன்ன பொய்யை இனி நான் சொல்ல முடியாது. உண்மையைச் சொல்லிடப் போறேன்."

"வேண்டாம் அண்ணி. அவரு மனசுல அண்ணன் நல்லவரா இருக்காரு. அப்படியே இருக்கட்டும்."

"அதான் எனக்கும் பயம். ஆனா பொய்யில ஆரம்பிச்சது பொய்யோடவே முடிஞ்சா அவருக்கு அமைதி கிடைக்குமா?"

அன்று நானும் போயிருந்தேன். அண்ணியும் மகளும் மட்டும் இருக்கையில் அந்த மனிதர் எதையாவது கேட்டுவிட்டால்? விளக்கு வைக்கும் நேரம் தாண்டி, வழக்கமான நேரத்துக்குக் கதவு தட்டப்பட்டது. திறந்தேன். அதே கோட்டு. கையில் ஏற்றாத இரண்டு மெழுகுவர்த்திகள். எய்னோ வாசற்படியைத் தாண்டவில்லை. எங்கள் வழக்கம் என்னவென்று ஆலையில் ஒரு தமிழரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்திருக்கிறார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"ஜன்னலில் வெளிச்சம் இல்லை. இந்த வருடம் ஏற்றக்கூடாது என்று தெரியும். ஃபின்லாந்தில் ஜன்னலில் இரண்டு மெழுகுவர்த்தி இருந்தால் உள்ளே வரலாம், அடைக்கலம் உண்டு என்று அந்தக் காலத்தில் அர்த்தமாம். எங்கள் நாடு அடிமையாக இருந்தபோது என் அக்கா தப்பித்து ஃபின்லாந்துக்குப் போய்ப் படித்தாள். முதல் டிசம்பரில் தெரு முழுக்க அந்த வெளிச்சத்தைப் பார்த்துத்தான் அவளுக்கு பயம் போயிற்றாம். அதனால்தான் கேட்கிறேன். வெளிச்சம் இல்லாமலும் உள்ளே வரலாமா?"

"வாங்க" என்றார் அண்ணி.

உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்ததும் அண்ணி சொல்லிவிட்டார். அது கார்த்திகை விளக்கு என்பதையும், சேஃப்டிக்காரர் என்று பயந்து சொன்ன பொய் என்பதையும், தட்டு மறைத்த கதையையும் ஒன்றுவிடாமல் சொன்னார். நான் எய்னோவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எய்னோ சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அண்ணியை அவர் பாபி என்றுதான் கூப்பிடுவார், இந்திக்காரர்கள் அண்ணியைக் கூப்பிடுவதுபோல.

"பாபி, அது எங்களுக்கு முதல் நாளே தெரியும். மண் விளக்கை மெழுகுவர்த்தி என்று யாராவது நினைப்பார்களா? தெரு முனையில் வெளிச்சத்தைப் பார்த்து ஓடிவந்தோம். வாசலுக்கு வந்ததும் எண்ணெய் வாசனை. இது வேறு ஏதோ பூஜை, போய்விடலாம் என்று நான் சொன்னேன். விளக்கு வைத்திருக்கிறார்கள், தட்டித்தான் பார்ப்போமே என்றார் பெக்கா. அண்ணன் யெஸ் என்று சொன்னபோது அவர் முகத்தில் இருந்த பயத்தைப் பார்த்தோம். அதற்குமேல் இல்லை என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. அடுத்த வருடம் அவர் மெழுகுவர்த்தியே வாங்கி வைத்துவிட்டார். வராமல் இருக்க முடியுமா?"

அண்ணி ஜன்னலைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, ஒவ்வொரு வருஷமும் நான் கேப்பேன், அதான் மெழுகுவர்த்தி இருக்கே, நடுவுல அகல் எதுக்குன்னு. உங்கண்ணன் என்ன சொல்வாரு தெரியுமா? மெழுகுவர்த்திக்கு வாசனை கிடையாதே, அவங்களுக்கு வீடு எப்படிடி தெரியும்னு கேப்பாரு. ஏதோ கிண்டல் பண்றாருன்னு விட்டுட்டேன்."

சாமிக்கு ஒன்று என்று நான் போட்ட கணக்கு தப்பு. முதல் நாள் அந்த வாசனை தெரிந்தும்தான் அவர்கள் கதவைத் தட்டினார்கள் என்பது அண்ணனுக்குத் தெரிந்திருக்கிறது. அவர்களுக்குத் தெரியும் என்பது இவருக்கும் தெரியும். எல்லோரையும் நம்பும் ஏமாளி என்று நாங்கள் நினைத்திருந்த மனிதர் எங்கள் எல்லோரையும்விட விவரமானவராக இருந்திருக்கிறார். அன்று அந்தக் கூடத்தில் நான் வாய்விட்டு அழுதேன். எய்னோதான் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

அண்ணனின் இறுதி நாட்களில் உதவிய ஆலைத் தோழர்களுக்கும், ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்ட நர்சுகளுக்கும், திருச்சியில் எல்லாவற்றையும் முன்நின்று நடத்திய பங்காளிகளுக்கும், அண்ணியைத் தாங்கிப் பிடித்த பள்ளி ஆசிரியைகளுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. அண்ணன் போன செய்தி கேட்டுத் தன் ஊரில் பட்டப்பகலில், கோடை வெயிலில், ஜன்னலில் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றிப் படம் அனுப்பிய பெக்காவுக்கும் நன்றி.

அண்ணியும் மகளும் இப்போது ஷார்ஜாவில் எங்கள் கட்டடத்திலேயே குடியிருக்கிறார்கள். துக்க வருடம் முடிந்துவிட்டது. இந்த டிசம்பர் ஆறாம் தேதி வருவதற்காக எய்னோ என்னிடம் புது முகவரி கேட்டார். அண்ணியிடம் சொன்னேன்.

"கட்டடம் பேரு மட்டும் சொல்லுங்க, போதும்" என்றார் அண்ணி. "நான் நல்லெண்ணெய் வாங்கி வச்சுட்டேன்."