துளசி அருவியில் குளித்த கதை

"பாத்துக்கோ" என்ற வார்த்தையைக் கேட்டாலே துளசிக்கு இப்போதெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது.

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு கோயில் வாசலில் செருப்பு வாங்கி வைக்கிற வேலை அவளுக்கு. திருப்புட்குழியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்து, மகள் கீர்த்தி பால் மறந்த கையோடு அந்தத் தகரக் கொட்டகைக்குள் போய் உட்கார்ந்தவள். கீர்த்தி இன்றைக்குக் காலேஜ் போகிறாள். துளசி அதே கொட்டகையில்தான் இருக்கிறாள்.

குனிந்து கையால் எடுத்துக் கொடுக்கிறவர்கள் கொஞ்சம் பேர். மற்றவர்கள் எல்லாம் காலாலேயே உதறித் தள்ளுவார்கள். சாமி பார்க்கப் போகிற அவசரமாம். போகிற போக்கில் "பாத்துக்கோமா" என்று ஒரு வார்த்தை வரும், அதுவும் அவள் முகத்தைப் பார்த்து வராது. துளசி பேசாமல் டோக்கனை நீட்டுவாள். டோக்கன் இல்லாமல் அவள் யாருக்கும் செருப்பைத் திருப்பித் தந்ததில்லை. ஒருமுறை கவுன்சிலரின் மச்சான் டோக்கனைத் தொலைத்துவிட்டு வந்து, "நான் யாருன்னு தெரியுமா?" என்று குதித்தார். "நீ யாரா வேணா இருந்துக்கோ சார். டோக்கன் குடு, செருப்பு தர்றேன்" என்றாள் துளசி. மனிதர் வேகாத வெயிலில் வெறுங்காலோடு பிரகாரம் முழுக்கத் தேடிக்கொண்டு திரிந்தார். அந்தக் கதையை வீட்டில் எல்லோரும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

அப்படிப்பட்டவளுக்கு ஒரே ஒரு ஆசை வந்தது. கீர்த்தி போனில் ஒரு அருவியைக் காட்டினாள். துளசிக்குத் தெரிந்த தண்ணீர் குழாயில் வருவது, இல்லாவிட்டால் லாரியில் வருவது. இங்கே என்னடாவென்றால் வரிசையும் இல்லை, குடமும் இல்லை, மலையிலிருந்து அது பாட்டுக்குக் கொட்டிக்கொண்டிருந்தது. "இதுங்கீழ ஒரு வாட்டி நிக்கணும்டி" என்றாள். அதற்குப் பிறகு அந்த ஆசை அவளை விடவேயில்லை.

நாத்தனார் காமாட்சியம்மாள் வேன் ஏற்பாடு செய்தபோது துளசியின் கணவன் ராஜவேலு தன் குடும்பத்துக்கும் இடம் சொல்லிவிட்டான். உடுப்பிப் பக்கம், கடலை ஒட்டிய காட்டு மலைகள், மூன்று அருவிகள். துளசி கொட்டகைக் கான்ட்ராக்டரிடம் சண்டை போட்டு லீவு வாங்கினாள். வேன் முழுக்கக் காமாட்சியம்மாளின் பிள்ளைகள், மருமகன்கள், மருமகள்கள், பேரன் பேத்திகள். பெங்களூரைத் தாண்டி, மலையில் ஏறி இறங்கும்வரை துளசி கண் மூடவில்லை. ஜன்னல் வழியாகப் பச்சை பச்சையாகக் காடு வந்தது. காற்றில் கடல் வாசனையும் வந்தபோது சின்னப் பெண்ணைப் போலச் சிரித்தாள்.

முதல் அருவியில் ஆரம்பித்தது வினை. எல்லோரும் பாறைமேல் செருப்பைக் கழற்றினார்கள், பையை வைத்தார்கள், போனை வைத்தார்கள். காமாட்சியம்மாள் தன் செருப்பைத் துளசியின் பக்கமாகக் காலால் தள்ளிவிட்டு, "துளசி, இத்தெல்லாம் கொஞ்சம் பாத்துக்கோமா. உனுக்குப் பழக்கந்தானே!" என்றாள். வேனே சிரித்தது. துளசியும் சிரித்து வைத்தாள். இவர்கள் வந்ததும் நாம் போகலாம் என்று உட்கார்ந்தாள். அவர்கள் வந்தார்கள், பல் கிட்டிக்கத் தலை துவட்டினார்கள், இருட்டுகிறது கிளம்பு கிளம்பு என்றார்கள். துளசியின் புடவையில் ஒரு பொட்டுத் தண்ணீர் படவில்லை.

இரண்டாவது அருவிக்குக் காட்டுக்குள் நடந்து போக வேண்டியிருந்தது. மழைத் தூறலில் அட்டைகள் காலில் ஏறின. போய்ச் சேர்ந்ததும் மறுபடியும் செருப்பு மலையாகக் குவிந்தது. துளசி இந்த முறை சும்மா இருக்கவில்லை. ராஜவேலுவைக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நீ கொஞ்ச நேரம் இங்க உக்காரு. நான் போய்ட்டு வந்துட்றேன்."

ராஜவேலு அக்காவின் மருமகன்களைத் திரும்பிப் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான். "இன்னாமே வெளாட்றியா? நாலு பேர் பாக்கச் சொல்லோ நான் செருப்பு பாத்துக்கினு உக்காந்துங்கீறதா?"

சொல்லிவிட்டுத் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு போயேவிட்டான். அப்படியென்றால் இவள் உட்காரலாம், இவன் உட்காரக் கூடாதா? பட்டுக்கடையில் பொட்டலம் கட்டுகிற இவன் வேலை போய் வீட்டில் கிடந்த காலத்தில் அடுப்பு எரிந்தது எந்தச் செருப்பால்? அன்றைக்கு அந்தச் செருப்பு நாறவில்லை, இன்றைக்கு நாறுகிறதா? காலில் ஒட்டியிருந்த அட்டையைப் பிய்த்து எறிந்தாள். அட்டையாவது உறிஞ்சினது போதுமென்றால் தானாக விழுந்துவிடும். இந்தக் குடும்பத்துக்குப் போதும் என்ற பேச்சே கிடையாது.

அன்று ராத்திரி லாட்ஜில் அவள் யாரோடும் பேசவில்லை. அவள் பேசவில்லை என்பதையும் யாரும் கவனிக்கவில்லை.

மூன்றாவதுதான் கடைசி அருவி. அதை முடித்துவிட்டு நேரே ஊர். வேனை விட்டு இறங்கியபோதே துளசி மனதுக்குள் சொல்லிக்கொண்டாள், இன்றைக்கு விடுவதில்லை என்று. அருவி ஏற்கனவே பார்த்த இரண்டையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும் போல விழுந்துகொண்டிருந்தது. பேச்சு காதில் விழாத சத்தம். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் அடி வைத்தாள்.

"மா!" கீர்த்தி ஓடி வந்தாள். புதிதாக வாங்கிய வெள்ளை ஷூவைக் கழற்றி அவள் கையில் திணித்தாள். "இது நனையவே கூடாதும்மா. நல்லா பாத்துக்கோ, இன்னா?"

மற்றவர்கள் சொன்னபோது கோபம் வந்தது. பெற்ற மகள் சொன்னபோது அழுகைதான் வந்தது. இவளுக்காவது தெரிந்திருக்க வேண்டாமா? அருவியைப் போனில் காட்டியதே இவள்தானே? துளசி ஷூவை வாங்கிக்கொண்டு தண்ணீர் ஓரத்துப் பாறையில் உட்கார்ந்துவிட்டாள். மற்றவர்களும் வந்து அவள் காலடியில் கழற்றிப் போட்டுவிட்டுப் போனார்கள்.

சற்று நேரத்தில் எங்கிருந்தோ வந்த ஒரு பஸ் நின்றது. அதிலிருந்து இறங்கிய அம்மாள் ஒருத்தி சுற்றிலும் பார்த்தாள். செருப்புக் குவியலைப் பார்த்தாள், பக்கத்தில் துளசியைப் பார்த்தாள். தன் செருப்பையும் கழற்றி அந்தக் குவியலோடு வைத்து, துளசிக்குப் புரியாத பாஷையில் ஏதோ சொல்லி, அவள் உள்ளங்கையில் ஒரு பத்து ரூபாய் நாணயத்தை வைத்தாள்.

துளசிக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியது. காட்டைத் தாண்டி, மலையைத் தாண்டி, மொழியே தெரியாத ஊருக்கு வந்தும் கொட்டகை அவளோடேயே வந்திருந்தது. தூக்கி வந்தது வேறு யாருமில்லை, அவள் வீட்டு ஆட்கள்தான்.

அந்த அம்மாள்மேல் அவளுக்குக் கோபமில்லை. செருப்பை எடுத்து, துடைத்து, நாணயத்தோடு அவள் கையிலேயே கொடுத்தாள். "நீயே எடுத்துக்கினு போமா. நான் இன்னிக்கு லீவு" என்றாள். பிறகு எழுந்து, குவியலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தண்ணீருக்குள் இறங்கினாள். தன் செருப்பை மட்டும் கழற்றவில்லை. வாரை இறுக்கிப் போட்டுக்கொண்டு இறங்கினாள். கழற்றி வைத்தால் யார் பார்த்துக்கொள்ளப் போகிறார்கள்?

தண்ணீர் மண்டையில் விழுந்த அடியில் மூச்சு நின்று வந்தது. குளிர் எலும்பைத் தொட்டது. துளசி வாயைத் திறந்து கத்தினாள். காமாட்சியம்மாளைத் திட்டினாள், ராஜவேலுவைப் பெயர் சொல்லித் திட்டினாள், கான்ட்ராக்டரைத் திட்டினாள், காலால் உதறிவிட்டுச் சாமி பார்க்கப் போன அத்தனை பேரையும் திட்டினாள். அருவி இரைந்த இரைச்சலில் ஒரு வார்த்தை வெளியே கேட்கவில்லை. கேட்காதது நல்லதாகப் போயிற்று, அதனால் நிறுத்தாமல் திட்டினாள். ஆசை தீர நின்றாள்.

காவல்காரர் விசில் ஊதினார். மேலே மலையில் மழை பிடித்துவிட்டது, தண்ணீர் ஏறுகிறது என்று கையைக் காட்டி எல்லோரையும் வெளியே வரச்சொன்னார். அவசர அவசரமாகக் கரையேறினார்கள். துளசி உட்கார்ந்திருந்த பாறையின்மேல் இப்போது தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பைகள் மேட்டில் இருந்ததால் தப்பின. செருப்பில் ஒன்றைக்கூடக் காணோம். தூரத்தில் வெள்ளையாக ஏதோ சுழன்றுகொண்டு காட்டுக்குள் போனது.

"அடிப்பாவி, செருப்பெல்லாம் எங்கடி?" என்றாள் காமாட்சியம்மாள். கூரான கற்களில் ஒற்றைக் காலை மாற்றி மாற்றி வைத்தாள். "உன்ன நம்பித்தானே வுட்டுட்டுப் போனோம்!"

"மா, என் ஷூ..." என்றாள் கீர்த்தி.

ராஜவேலு நாலு பேர் பார்க்கிறார்களே என்றுகூட நினைக்காமல் கத்தினான். "ஒரு வேல, உனுக்குத் தெரிஞ்ச ஒரே வேல! அத்தகூடப் பாத்துக்க முடியலியா உன்னால?"

துளசி புடவை நுனியைப் பிழிந்தாள். தலையை உதறிக்கொண்டாள். பிறகு ஒவ்வொருவர் முகத்தையும் நேராகப் பார்த்து, கையை நீட்டினாள்.

"டோக்கன் குடு."

"இன்னாது?"

"டோக்கன் குடுங்க, செருப்பு தர்றேன்."

யாரும் சிரிக்கவில்லை. துளசி கொஞ்ச நேரம் நீட்டிய கையை நீட்டியபடியே வைத்திருந்தாள். பிறகு திரும்பி, ஈரச் செருப்பு சளக் சளக்கென்று சத்தம் போட, வேனைப் பார்த்து நடந்தாள். அவள் பின்னால் குடும்பம் முழுக்க வெறுங்காலோடு வந்தது.