எல்லார் கழுத்திலும் ஒரே அட்டிகை

யுத்தம் முடிந்து சில வருஷங்களில் பத்திரிகை வேலையிலிருந்து ஓய்வு பெற்று, மலாயாவில், ஈப்போ புந்தோங்கில் வீடு பிடித்தேன். வாலிப வயதில் வாங்கிய மடிப்புக் கேமராவுக்கு அதுவரை விடுமுறை நாட்கள்தான் கிடைத்தன. இப்போது எல்லா நாளும் அதற்கே. குளியலறை ஜன்னலைக் கறுப்புத் துணியால் அடைத்து, விளக்கில் சிவப்புத் துணி சுற்றி, பீங்கான் தட்டுகளில் மருந்து கலக்கிப் படம் கழுவுவேன். "மனுசங்க குளிக்க வேணாமா?" என்று மனைவி கதவைத் தட்டுவாள். அதைத் தவிர இடையூறு என்று சொல்ல எதுவும் இல்லை.

தஞ்சோங் ரம்புத்தான் சாலையில் ஒரு ரப்பர் தோட்டத்துக்கு அடிக்கடி போவேன். மரங்கள் வரிசையாக நிற்பதால் காலை வெளிச்சம் அங்கே பட்டை பட்டையாக விழும். அதற்காகத்தான் போனேன். ஆட்கள் தாமாக வந்து சேர்ந்தார்கள்.

பால்மரம் வெட்டும் ஒரு பெண் ஒரு நாள், தோட்டத்து ஆட்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கும் லயத்து வாசலில் என்னை நிறுத்தினாள். அம்மாவை மீறிக் கல்யாணம் செய்துகொண்டு கப்பலேறியவள். அன்றுமுதல் அம்மா அவள் பேரையே எடுப்பதில்லையாம். அவளுடைய அண்ணன் ஊருக்குப் போகவிருந்தான். அவனிடம் ஒரு படம் கொடுத்தனுப்ப வேண்டும்.

"நான் நல்லாருக்கேன்னு அது கண்ணால பாக்கணும் ஐயா. பாத்தா பேசிடும்."

ஞாயிற்றுக்கிழமை போனேன். வேலையை மேற்பார்க்கும் தண்டலின் மனைவியிடம் இரவல் வாங்கிய அட்டிகையோடு, பட்டுச் சேலையில், மூச்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எடுத்தேன். எழுந்ததும் பக்கத்து வீட்டுக்காரி அட்டிகையை வாங்கித் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அவளுக்குப் பின் இன்னொருத்தி. பிலிம் தீரும்வரை எடுத்தேன்.

படங்களைக் கொல்லையில் கயிற்றில் காயப் போட்டபோதுதான் கவனித்தேன். பிழை திருத்தியே பழகிய கண். முகங்கள் வேறு, அட்டிகை ஒன்று. நடுப் பதக்கத்தில் ஒரு கல் விழுந்திருந்தது. எல்லாப் படத்திலும் விழுந்திருந்தது. அந்த லயத்துக்காரர்கள் அனைவரும் ஒரே கங்காணி ஒரே ஊரிலிருந்து கூட்டிவந்தவர்கள். படங்கள் போய்ச் சேரப்போவதும் ஒரே தெருவுக்கு.

மறுநாள் படங்களைக் கொண்டுபோய்ப் பரப்பி விஷயத்தைச் சொன்னேன்.

"அடியே! ஊர்ல வீட்டுக்கு வீடு இதேதான் தொங்கப்போவுது!"

"துரை ஆளுக்கு ஒண்ணு குடுத்தாருன்னு சொல்லிடுவோம்."

"யாரு, பால் புடிக்கிற மங்கு ஒண்ணு ஒடைஞ்சா அன்னிக்கெல்லாம் ஏசுற துரையா?"

லயமே சிரித்தது. முதலில் படம் கேட்டவள் மட்டும் சிரிக்கவில்லை. "எரவல் நகைன்னு தெரிஞ்சா, நான் கஷ்டத்த மறைக்கிறேன்னுதான் அம்மா நெனைக்கும்" என்றாள்.

"இவ படத்துல மட்டும் அட்டிகைய சொரண்டிடுங்க ஐயா" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. நெகட்டிவில் சுரண்டினால் படத்தில் கழுத்தைச் சுற்றிக் கறுப்புத் தழும்பு விழும் என்று விளக்கினேன்.

"ஐயையோ, தூக்கு மாட்டுன மாதிரி!"

அண்ணன் கிளம்ப ஒரு நாள்தான் இருந்தது. அவள் சற்று யோசித்தாள். "நாளைக்குக் காலையில வாங்க ஐயா. வேலை உடுப்புலயே எடுத்துருங்க."

போனேன். தலையில் துணிக்கட்டு, சேலைக்கு மேல் கணவனின் முழுக்கைச் சட்டை, ஒரு கையில் பால் வாளி, மறு கையில் வெட்டுக்கத்தி. மரங்களுக்கு நடுவே வெயில் நன்றாக விழும் இடத்தில் நிறுத்தினேன். மறுபடியும் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். என் முதுகுக்குப் பின்னால் நின்ற பக்கத்து வீட்டுக்காரி கத்தினாள்: "நிமிந்து நில்லுடி, அட்டிகை சாயுது பாரு!"

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். நான் அழுத்திவிட்டேன்.

அன்று பிற்பகலே வெயிலில் அச்செடுத்து, சாயங்காலம் ஸ்டேஷனில் அண்ணனிடம் கொடுத்தேன். மற்றப் பெண்களும் தங்கள் படங்களை அட்டிகையோடே அனுப்பினார்கள். ஊரார் சிரித்தால் சிரிக்கட்டும் என்றார்கள்.

சில மாதங்களில் அண்ணன் திரும்பினான். கேள்விப்பட்டு லயத்துக்குப் போனேன். "ஐயாகிட்ட சொல்லுண்ணே. முதல்லேர்ந்து சொல்லு" என்றாள். ஏற்கெனவே பல தடவை சொல்லிக் களைத்திருந்தவன் எனக்காகவும் சொன்னான்.

"அம்மா படத்த ரொம்ப நேரம் பாத்துச்சு. அப்புறம், 'எம்மவ உடம்பு போட்டுருக்கா'ன்னுச்சு. அவ்வளவுதான் ஐயா. மறுநாளு தெருவுல ஒரு வீடு விடாம கொண்டுபோய்க் காட்டிட்டு வந்துச்சு."

எனக்குத் தெரிந்து அவள் உடம்பு போடவே இல்லை. கணவனைத் திரும்பிப் பார்த்தாள். "நல்லவேளை, ஒங்க சட்டை தொளதொளன்னு இருந்துச்சு!"

"அடுத்த படத்துக்கு ரெண்டு சட்டையாப் போட்டுக்க" என்றான் அவன்.

நான் கேமராவின் மடிப்பைப் பிரித்தேன்.