வெள்ளைக் கனகாம்பரம் வெளியே போன வெள்ளிக்கிழமை

என் மகள் ஒரு பூவிதை நிறுவனத்தில் விஞ்ஞானி. கனகாம்பரத்துக்கு ஆரஞ்சு நிறம் தரும் மரபணுவில் நுண்ணிய வெட்டுப் போட்டு, அதை வேலை செய்யவிடாமல் நிறுத்துவது அவள் ஆராய்ச்சி. நான்கு வருடம் கண்ணாடிக் குப்பிகளில் திசு வளர்த்துப் போராடி, ஓரிக்கை அருகே ஒரு பசுமைக்குடிலில் நாற்பது செடிகள் வைத்தாள். ஒரே ஒரு செடி பால்வெள்ளையாகப் பூத்தது. முதல் நாள் மாலை ஒன்பது பூ. எண்ணியவன் நான்.

பட்டுக் கூட்டுறவுச் சங்கத்தில் முப்பத்தொரு வருடம், பூதக்கண்ணாடியை வைத்து அங்குலத்துக்கு எத்தனை இழை என்று பார்த்தவன். ஓய்வு பெற்ற பிறகும் அந்த வியாதி விடவில்லை. குடிலுக்குப் போகும் வழியில் விளக்குக் கம்பம் பதினேழு. அதில் எரியாதவை நான்கு. "கம்பத்தை எண்ணுறதுக்கு என் பூவை எண்ணுப்பா" என்று மகள் பதிவேட்டை என் கையில் கொடுத்துவிட்டாள். அந்தச் செடியிலிருந்து ஒரு இதழ்கூட வெளியே போகக் கூடாது. போனால், இந்தச் செடிகளை வளர்க்க அரசு கொடுத்த அனுமதி ரத்து. அந்த நினைப்பிலேயே அன்று பாதி ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பதினொரு மணிக்கு அரசின் ஆய்வுக் குழு வர வேண்டும். எட்டேகாலுக்கு எண்ணினேன். ஐந்து. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி எண்ணினேன். ஐந்துதான். முழங்காலிட்டுத் தொட்டியடியில் தடவிப் பார்த்தேன். ஒன்றும் உதிரவில்லை. மகளைக் கூப்பிட்டேன்.

குடிலில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் அம்மாள் குழாயைச் சுருட்டியபடி எட்டிப் பார்த்தாள். "என்னா சார் தேடுறே? பூவா? நான்தான் பறிச்சேன். மொதப் பூ சாமிக்குத்தானே? நாலே நாலு. கடையில வாங்கின சரத்துல வச்சிக் கட்டி அம்மனுக்குக் குடுத்தேன். மேடம் வேலை ஜெயிக்கணும்னு வேண்டிக்கினேன்."

"எடுத்துக்கினு போகக் கூடாதுன்னு சொன்னோமே!"

"வீட்டுக்குன்னு நெனச்சேன் சார். கோயிலுக்குமா?"

மகள் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். "நாலு வருஷம்பா" என்று மட்டும் சொன்னாள். பிறகு மூன்று பேரும் தெருக்கோடியில் இருந்த அம்மன் கோயிலுக்கு ஓடினோம். எனக்கு வயது எழுபத்திரண்டு. ஓடியது ஓட்டமா என்பது வேறு விஷயம்.

அம்மன் கழுத்தில் சரம் இல்லை. பூசாரி அதை அதே தெருவில் இருக்கும் தறிக்காரர் வீட்டம்மாவுக்குப் பிரசாதமாகக் கொடுத்துவிட்டாராம். "கண்ணுல ஒத்திக்கினு வச்சிக்கினாங்க" என்றார்.

அந்த அம்மாள் வாசலில்தான் இருந்தாள். ஆரஞ்சுச் சரத்துக்கு நடுவே வெள்ளை தெரிந்தது. வெள்ளிக்கிழமை காலையில் ஒரு சுமங்கலியிடம் தலையில் இருக்கும் பூவை எடு என்று எப்படிச் சொல்வது?

"என்னா பெரியவரே, என் தலையையே பாக்கிறே?"

"அம்மா, அந்தப் பூவை... திருப்பித் தரணும்."

"இன்னா பேச்சு பேசுறே! என் வீட்டுக்காரரு குத்துக்கல்லாட்டம் உள்ள தறியில குந்திக்கினு இருக்காரு!"

தறிச் சத்தம் நின்றது. உள்ளேயிருந்து ஆண் குரல்: "குடுத்துடாதடி, எனக்கு ஆயுசு கொறையும்!"

மணி ஒன்பது நாற்பது. தண்ணீர் ஊற்றும் அம்மாள்தான் வழி கண்டாள். முக்குக் கடையிலிருந்து இரண்டு முழம் மல்லி வாங்கி வந்து, முதலில் அதைத் தறிக்காரர் வீட்டம்மாவின் கூந்தலில் வைத்தாள். பூ ஏறிய பிறகு பூவை இறக்குவதில் தோஷமில்லையாம். அந்த அம்மாள் தானே சரத்தை உருவிக் கொடுத்தாள்.

"ஏம்மா, இது விஷமா?"

"விஷமில்லக்கா. இதோட மகரந்தம் வெளியில வேற கனகாம்பரத்துல சேரக் கூடாது. இன்னும் சோதிச்சு முடிக்கல" என்றாள் மகள்.

"முடிச்சா மொதல்ல எனக்குத்தான்."

வெள்ளைப் பூக்கள் மூன்றே இருந்தன. வந்த வழியெல்லாம், சாக்கடை ஓரமெல்லாம் குனிந்து தேடினோம். நான்காவது கிடைக்கவில்லை.

பத்தே முக்காலுக்கு மகள் பதிவேட்டைத் திறந்தாள். நான் சொன்னேன்: "நேத்து ஒன்பதுன்னு எழுதினது தப்புன்னு போட்டுடு. எட்டுதான் இருந்ததுன்னு. கிழவன், கண்ணு தெரியலைன்னா யாரும் நம்புவாங்க." அப்படி ஒரு பேச்சு என் வாயிலிருந்து வரும் என்று நானே நினைத்ததில்லை.

"நீ தப்பா எண்ண மாட்டேன்னுதானேப்பா உன்கிட்ட குடுத்தேன்" என்றாள். நான்கு பூ வெளியே போனது, மூன்று திரும்பியது, ஒன்று கிடைக்கவில்லை என்று எழுதினாள். பறித்தவர் பெயரை எழுதவில்லை. பணியாளருக்கு விதியைத் தான் சரியாக விளக்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

குழுவில் மூன்று பேர். தலைவியான அம்மாள் இரண்டு முறை படித்தார். கோயில், அந்த வீடு, தெரு மூன்றையும் நடந்து பார்த்துவிட்டு வந்து, அனுமதியை நிறுத்தினார். நாற்பது செடிகளையும் அன்றே எரிக்க வேண்டும். குப்பிகளில் இருக்கும் திசுவை வைத்துப் புதிதாக விண்ணப்பிக்கலாம். கையெழுத்துப் போடும் முன் வெள்ளைச் செடியைக் காட்டச் சொல்லிக் கொஞ்ச நேரம் அதன் எதிரே நின்றார்.

"நல்லாத்தான் வந்திருக்கு" என்றார். பிறகு கையெழுத்திட்டார்.

மாலை நான்கு மணிக்குத் தீ மூட்டினோம். முப்பத்தொன்பது செடிகளை நானும் தண்ணீர் ஊற்றும் அம்மாளும் தூக்கிப் போட்டோம். அவள் அழுதுகொண்டேதான் போட்டாள். வெள்ளைச் செடியை மட்டும் மகள் எங்களைத் தொடவிடவில்லை. தானே வேரோடு பிடுங்கி, மண்ணை உதறி, தீயில் வைத்தாள்.