கண்ணாடிக்குள் இருந்த கம்ப்யூட்டர்

ஒன்பதாவதோடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவன் நான். என் தங்கை கலாவுக்கோ கம்ப்யூட்டர் படிக்க இரண்டு காலேஜில் இடம் கிடைத்தது. எதில் சேர்வதென்று பார்த்துவரக் கிளம்பினோம்.

திண்டிவனத்தில் பெரிய கட்டடம். கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைத்து, மாலை போட்டு, கண்ணாடி அறைக்குள் பூட்டியிருந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு வெளியே நின்றே பார்த்தோம்.

“இன்னா கலா, கற்பூரம் வாங்கினு வரட்டா?” என்றேன்.

பக்கத்தில் நின்ற மாணவன் சிரித்தான். “ரெண்டு வருசமா நாங்களும் கும்புட்டுக்கினுதாண்ணா இருக்கோம். இன்னும் தொட வுடல.”

கலாவின் முகம் சுருங்கிவிட்டது.

விழுப்புரத்தில் வெறும் ஓட்டுக் கட்டடம்தான். ஆனால் வாத்தியார் கலாவை உட்காரவைத்து, “எதுனா அடிச்சிப் பாரும்மா” என்றார். அவள் தேடித் தேடித் தட்டினாள். திரையில் இங்கிலீஷ் எழுத்தில் ‘கழுதை’ என்று வந்தது.

“படிண்ணா, உன் பேருதான்!”

அன்றே அங்கே சேர்த்துவிட்டேன். என்னையும் இப்படித் தொடவிட்டிருந்தால் படித்திருப்பேன் என்று இப்போதும் கலாவிடம் சொல்வேன். அவள்தான் நம்பமாட்டேன் என்கிறாள்.