ஒன்றரை மீட்டர் வெள்ளைத் துணி

காபெஸ் நகரத்துப் பக்கம் ஒரு மருத்துவமனையில் இருபத்திரண்டு வருடமாக நோயாளிகளைக் குளிப்பாட்டுகிறாள் மப்ரூக்கா. யார் முதுகில் எங்கே தழும்பு என்பது அவளுக்குத் தெரியும். வீட்டார் எதை மறைக்கிறார்கள் என்பதும் தெரியும். அதுதான் தலைவலி. அந்த ஊரில் நோயாளியைத் தவிர எல்லோரிடமும் நோயைச் சொல்வார்கள். கேட்டால் பாசம் என்பார்கள்.

லாரி ஓட்டிய லஸ்ஹருக்குச் சர்க்கரையால் வலது கால் அழுகிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட மகன் வஜ்தி கையெழுத்துப் போட்டுவிட்டான். அப்பாவிடம் புண்ணைச் சுத்தம் செய்வதாகத்தான் சொல்லியிருந்தான்.

"அக்கா, தெரிஞ்சா மனசு விட்டுடுவார். நீங்க வாயைத் திறந்துடாதீங்க" என்று காலையிலேயே கெஞ்சினான். எடுக்கப்போகும் காலைச் சுற்றி அடக்கம் செய்ய ஒரு வெள்ளைத் துணியை அவள் கையில் திணித்துவிட்டு, குழி வெட்டச் சொல்லக் கிளம்பிவிட்டான்.

மப்ரூக்கா துணியோடு வார்டுக்கு நடந்தாள். சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால், அந்த மனுஷன் கண்விழித்துப் போர்வையை விலக்கிப் பார்ப்பாரே. அதே நினைப்பில் துணியைக் கட்டிலருகே அலமாரியில் வைத்துவிட்டாள். புத்தி எங்கே போனதோ. வெந்நீரோடு வந்தபோது துணி லஸ்ஹரின் மடியில் விரிந்து கிடந்தது.

"பொணத்துக்குச் சுத்துற கஃபன் துணிதானே, தங்கச்சி? நான் பிழைக்க மாட்டேனா?"

இந்தப் பயத்தோடா இவரை மயக்க ஊசிக்கு அனுப்புவது? அவளால் முடியவில்லை.

"நீளத்தைப் பாருங்கண்ணே. உங்க உடம்புக்கு இது பத்துமா? இது காலுக்கு. வலது காலுக்கு மட்டும்."

அவர் துணியை மெதுவாக மடித்தார். திரும்பவும் பிரித்தார்.

"இதைச் சொல்ல அந்தப் பயலுக்கு வாயில்லையா? டாக்டரை வரச் சொல்லு. என் கால், எங்கிட்ட கேக்கட்டும்."

டாக்டர் வந்தார். "யார் சொன்னது?" என்றார்.

"நான்தான்" என்றாள் மப்ரூக்கா.

அவளை முறைத்துவிட்டு, அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து முழுவதையும் சொன்னார். எடுக்காவிட்டால் என்ன ஆகும், செயற்கைக் கால் பொருத்த எத்தனை மாதம் என்று லஸ்ஹர் கேட்டார். பிறகு பேனாவை வாங்கி மகனின் கையெழுத்துக்குப் பக்கத்தில் தன்னுடையதைப் போட்டார்.

டாக்டர் போனதும் மப்ரூக்கா துண்டை நனைத்தாள். லஸ்ஹர் தடுத்தார்.

"கிண்ணத்தை மட்டும் பிடி. அம்பது வருஷமா தொழுகைக்கு நான் கழுவின கால்."

புண்ணில் தண்ணீர் படக்கூடாதென்று, ஈரக்கையால் கால்கட்டின் மேல் ஒருமுறை தடவினார். நாளைக்கு வேலை இருக்குமா என்று தெரியாமலே, கிண்ணம் ஆடாமல் அவள் பிடித்துக்கொண்டாள்.